எஸ்டிபி மெம்பரேன் அடைத்துக்கொண்டால்: 14 லட்சத்துக்கு கையெழுத்துப் போடும் முன்

அபார்ட்மென்ட் அசோசியேஷனில் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு லிஃப்ட் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, ஜெனரேட்டர் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. எஸ்டிபி எனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நாற்றம் வருகிறவரை அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் குடியிருப்பு பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் பக்கம். 180 வீடுகள். பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. வீடுகளிலிருந்து வரும் அத்தனை கழிவுநீரும் பேஸ்மென்டில் இருக்கும் எஸ்டிபிக்குப் போகும், சுத்தமாகி டாய்லெட் ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் திரும்பி வரும். பில்டர் வைத்துக்கொடுத்தது எம்பிஆர் வகை, அதாவது மெம்பரேன் எனும் நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் முறை. விளம்பரத்தில் அதைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். வேறு யாரும் கை தூக்காததால் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. நான் படித்தது வணிகவியல், பார்ப்பது ஜிஎஸ்டி கணக்கு வேலை. பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே அந்த மெம்பரேன் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு நடந்ததை, இதே நிலையில் மாட்டப்போகிற இன்னொருவருக்கு உதவும் என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது ஒரு முள். மெம்பரேன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் பெர்மியேட் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் ஒரு வேக்கம் கேஜ் இருக்கும். ஆபரேட்டர் தம்பி ஒருநாள் போன் செய்து, "அக்கா, முள்ளு ஏறிக்கிட்டே போகுது, தண்ணி கொறஞ்சுக்கிட்டே வருது" என்றான். 0.15 பாரில் இருந்தது 0.2 ஆக மாதக்கணக்கில் மெதுவாக ஏறியிருக்கிறது. அங்கிருந்து 0.4-ஐத் தாண்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாளைக்கு 85,000 லிட்டர் வரை எடுத்துக்கொண்டிருந்த பிளான்ட் 25,000 லிட்டருக்கே முக்கியது. மீதிக் கழிவுநீர் எங்கே போகும்? கலெக்‌ஷன் டேங்க் நிரம்பி, பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில் மூடி வழியாகப் பொங்கியது. அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் வந்த போட்டோக்களும் அதற்குக் கீழே வந்த வார்த்தைகளும் இன்னும் எனக்கு மனப்பாடம். மறுநாளிலிருந்து கழிவுநீர் லாரி. போதாததற்கு ஃப்ளஷ் தண்ணீருக்குத் தனியாக டேங்கர். இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய். மொத்தமாக முடிவதற்குள் இந்த வகையில் மட்டும் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கூடவே போய்விட்டது.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். பம்பின் வேகத்தைக் கூட்டினார். இரண்டு நாள் தண்ணீர் கூடுதலாக வந்தது, பிறகு முன்னைவிட மோசம். ஹைப்போ எனும் குளோரின் திரவத்தை ஊற்றிக் கழுவினார்கள். இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் பழைய கதை. திரும்ப ஹைப்போ. கடைசியில், "மேடம், மெம்பரேன் லைஃப் முடிஞ்சுபோச்சு, மாத்தித்தான் ஆகணும்" என்று 14 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தார்கள். பிளான்ட் ஓடத் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஒழுங்காக ஓட்டினால் ஏழு, எட்டு வருடம் தாங்கும் பொருள். பில்லைப் பார்த்தே பழகிய எனக்கு ஒரு கேள்வி உறுத்தியது: எதனால் அடைத்தது என்று அந்தக் கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை. காரணம் தெரியாமல் புதிதாகப் போட்டால், அதுவும் அடைக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்? கேட்டால் பதில் இல்லை. இங்கே என்னைக் கைவிட்டது ஒப்பந்தக்காரர் மட்டுமில்லை. கமிட்டியில் மற்றவர்கள், "சீக்கிரம் முடிச்சிடுங்க, காசு போனா போகட்டும்" என்றார்கள். காசு எல்லோருடையது, கையெழுத்து என்னுடையது. பல இரவுகள் தூங்கவில்லை.

இந்த இடத்தில் எம்பிஆர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. சாதாரண எஸ்டிபியில் பாக்டீரியா கழிவைத் தின்று சேறாகத் திரளும், அந்தச் சேறு ஒரு தொட்டியில் அடியில் படியும், மேலே தெளிந்த நீரை எடுப்பார்கள். எம்பிஆரில் படிய விடுவதற்குப் பதில், சேற்றுக்குள்ளேயே மெம்பரேனை முக்கிவைத்துத் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுக்கிறோம். எங்களுடையது நூல் நூலாகத் தொங்கும் வகை. ஒவ்வொரு நூலும் உள்ளே குழல். சுவரில் இருக்கும் துளை 0.04 மைக்ரான், பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரான், ஆகவே உள்ளே நுழையாது. 1960களின் கடைசியில் இந்தத் தொழில்நுட்பம் வந்தபோது மெம்பரேனைத் தொட்டிக்கு வெளியே வைத்து, அதிக அழுத்தத்தில் சேற்றை வேகமாகச் சுழலவிட்டு வடிகட்டினார்கள். மின்சாரம் கட்டுப்படியாகவில்லை. 1989-இல் டோக்கியோவில் யாமமோட்டோ குழுவினர் மெம்பரேனைத் தொட்டிக்குள்ளேயே முக்கி, மெல்ல உறிஞ்சிக் காட்டிய பிறகுதான் இது பரவியது. அந்த "மெல்ல" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குறைவாக இழு, நிறையப் பரப்பு வை, கீழிருந்து காற்றுக் குமிழிகளை விட்டு நூல்களை அசைத்துக்கொண்டே இரு. இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் அடைப்பு வரும்.

முள் ஏன் மாதக்கணக்கில் நகர்ந்துவிட்டு ஒரே வாரத்தில் தாவியது என்பதற்கும் விடை இதில்தான். பத்து கவுண்டர் உள்ள டோல்கேட்டில் ஒன்றிரண்டு மூடினால் பெரிதாகத் தெரியாது. ஐந்தாறு மூடியபிறகு வண்டி வந்துகொண்டே இருந்தால், மிச்சக் கவுண்டர்களில் வரிசை ஒரு மணி நேரத்தில் சாலைவரை நீளும். துளைகள் அடைய அடைய, திறந்திருக்கும் துளைகள் வழியாக அதே அளவு தண்ணீரை இழுக்கிறோம். அந்த இடங்களில் இழுப்பு ஒரு எல்லையைத் தாண்டும்போது, காற்று அசைத்துத் தள்ளுவதைவிட வேகமாகச் சேறு வந்து அப்புகிறது. அந்த நேரத்தில் பம்ப் வேகத்தைக் கூட்டுவது எரிகிற இடத்தில் காற்றடிக்கும் வேலை. ஆகவே முதல் பாடம்: முள் ஏறினால் இழுப்பைக் குறையுங்கள். லாரிக்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை. தாவிய பிறகு செலவழிப்பதைவிட, 0.2 பாரில் இருக்கும்போதே காரணத்தைத் தேடுவது மலிவு.

கேஜைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பம்ப் நிற்கும்போதும் முள் பூஜ்யத்தில் நிற்காது, தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏதோ ஓர் அளவு காட்டும். ஓடும்போது காட்டுவதிலிருந்து நிற்கும்போது காட்டுவதைக் கழித்தால்தான் மெம்பரேனுக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம். அதையும், அப்போது மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எங்கள் லாக் புக்கில் முள்ளின் அளவு மட்டும் இருந்தது, லிட்டர் இல்லை. பம்ப் வேகத்தைக் குறைத்தால் முள்ளும் குறையும், புத்தகத்தில் பார்க்க எல்லாம் நன்றாகவே இருக்கும்.

லிட்டர் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இதற்கு இன்ஜினியரிங் தேவையில்லை. எங்கள் மெம்பரேனின் மொத்தப் பரப்பு 280 சதுர மீட்டர். எட்டு நிமிடம் உறிஞ்சி இரண்டு நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் 24 மணி நேரமும் ஓடினால், உண்மையில் உறிஞ்சுவது 19.2 மணி நேரம். 85,000 லிட்டரை அதனாலும் பரப்பாலும் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு சுமார் 16 லிட்டர். இந்த வகைக்கு 15 முதல் 20 வரை நிதானமான இழுப்பு. ஆக, பிளான்டின் அளவில் குறையில்லை. அப்புறம்தான் ஆபரேட்டர் தம்பியிடம் பேச்சுக்கொடுத்தபோது தெரிந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல் பிளான்ட் ஓடுவதே இல்லை என்று. "கிரவுண்ட் ஃப்ளோர் அங்கிள் புளோயர் சத்தத்துல தூக்கம் வரலைன்னு சண்டை போட்டாருக்கா. முந்தின செக்ரெட்டரி சார்தான் ஆஃப் பண்ணச் சொன்னாரு." புளோயர்தான் தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம். காலை ஆறுவரை எட்டு மணி நேரம் காற்று கிடையாது. மீதி 16 மணி நேரத்தில் அதே 85,000 லிட்டரை எடுக்க வேண்டுமென்றால் இழுப்பு 24 லிட்டர் ஆகிறது. காலையில் தொட்டி நிரம்பி வழியும் அவசரத்தில் ஓய்வு நிமிடங்களையும் எடுத்துவிட்டு, 30 லிட்டர் வரை இழுத்திருக்கிறார்கள்.

சத்தத்துக்காக இரவில் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் மட்டும் இல்லை. பிறகு விசாரித்தபோது பக்கத்துக் குடியிருப்புகளிலும் அதே கதை. காற்று நின்றால் நூல்கள் அசையாது என்பது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரியது, எட்டு மணி நேரம் மூச்சு கிடைக்காத பாக்டீரியாவின் நிலை. அவை திரண்டு நிற்கும் கொத்துகள் சிதறும், உடலிலிருந்து கொழகொழப்பான புரதமும் சர்க்கரைப் பொருளும் தண்ணீரில் கலக்கும். மெம்பரேன் துளைகளை நிஜமாக அடைப்பது பெரும்பாலும் இந்தக் கொழகொழப்புதான். அதாவது மெம்பரேனில் தெரிந்த நோய்க்கு ஒரு காரணம் புளோயர் ஸ்விட்சில் இருந்தது, அதற்குப் பின்னால் ஒருவருடைய தூக்கம் இருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் படுக்கையறைக்கு நேர் கீழே புளோயர். ரப்பர் பேட், சைலன்சர், சுற்றிலும் ஒலி தடுக்கும் கூண்டு என்று எண்பதாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. எல்லா வேலையும் முடிந்து கணக்குப் பார்த்தபோது, செலவுகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான்.

அடுத்து சேறு. பாத்திரம் கழுவும் திரவம் அளவுக்கு நுரை, அதுவும் காப்பி நிறத்தில். அதை அடக்க ஆன்ட்டி ஃபோம் என்று கேன் கேனாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். லேபிளைப் படித்துப் பார்த்தால் சிலிக்கோன். சிலிக்கோன் வகை மெம்பரேனில் ஒட்டினால் போகாது, எம்பிஆருக்கு அதை உபயோகிக்கக் கூடாது என்று மெம்பரேனோடு வந்த கையேட்டிலேயே இருந்தது. கையேடு பில்டரின் ஃபைலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. சேற்றை ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினேன், ஒரு மாதிரிக்கு ஐநூறு ரூபாய்கூட இல்லை. எம்எல்எஸ்எஸ், அதாவது தண்ணீரில் கலந்திருக்கும் சேற்றின் அளவு, 17,400 என்று வந்தது. எம்பிஆரில் லிட்டருக்கு 8,000 முதல் 12,000 மில்லிகிராம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகப் போகச் சேறு கெட்டியாகி, காற்றுக் குமிழி ஊடுருவவே முடியாது. ஏன் இவ்வளவு ஏறியது? சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் பழுதாகி மாதக்கணக்கில் சேறே வெளியேற்றவில்லை. "எம்பிஆர்ல ஸ்லட்ஜ் எடுக்க வேண்டாம் மேடம், அதான் இதோட ஸ்பெஷல்" என்றார் அந்த இன்ஜினியர். இதைச் சொல்கிற ஆளிடம் உங்கள் பிளான்டைக் கொடுக்காதீர்கள். எளிய கணக்கு ஒன்று: சேறு சராசரியாக இருபது நாள் தொட்டியில் இருக்க வேண்டும் என்றால், தொட்டியின் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கை தினமும் வெளியேற்ற வேண்டும். எங்களுக்கு 40,000 லிட்டர் தொட்டி, அதனால் நாளைக்கு 2,000 லிட்டர். பிரஸ்ஸை ரிப்பேர் செய்து, அவசரப்படாமல் சில வாரங்களில் 10,000 அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒரேயடியாகக் காலி செய்துவிட்டால் பாக்டீரியா போதாமல் வேறு தலைவலி தொடங்கும்.

லேப் இல்லாமல் தினமும் செய்யக்கூடிய ஒரு சோதனையை இங்கே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் இருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பேப்பரைக் கூம்பாக மடித்து ஒரு புனலில் வைத்து, 50 மில்லி சேற்றை ஊற்றி, ஐந்து நிமிடத்தில் கீழே எத்தனை மில்லி வடிகிறது என்று அளக்க வேண்டும். 10 மில்லிக்கு மேல் வடிந்தால் சேறு நன்றாக இருக்கிறது. 5-க்குக் கீழே போனால் மெம்பரேன் சீக்கிரமே கஷ்டப்படப் போகிறது. எங்களுக்கு முதல் முறை 3 மில்லி வந்தது. அந்தப் புனலின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்ததை நானும் தம்பியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விழுந்தது கலங்கலாக, மஞ்சளாக இருந்தது. கேஜ் முள் அடைப்பு வந்த பிறகு சொல்கிறது, இந்தப் புனல் வருவதற்கு முன்னால் சொல்கிறது. நிறையப் பேர் செய்யும் ஒரு லிட்டர் ஜாடிச் சோதனை எம்பிஆருக்கு அவ்வளவாக உதவாது. இவ்வளவு கெட்டிச் சேறு அரை மணி நேரத்தில் படியவே படியாது, எப்போது பார்த்தாலும் 900 மில்லிக்கு மேல்தான் காட்டும்.

இதற்குப் பிறகுதான் மெம்பரேனை வெளியே எடுத்துப் பார்த்தோம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். செயின் பிளாக் கட்டி, மெம்பரேன் நூல்கள் கோத்த சட்டமான மாட்யூலை மேலே தூக்குங்கள். "ரெண்டு நிமிஷ வேலைதான் மேடம், நான் எறங்கிடுறேன்" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு இரண்டு நிமிடம் அதிகம். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எஸ்டிபி தொட்டி மட்டும் ஆளைக் கொல்லாது என்று நினைக்க ஒரு முகாந்திரமும் இல்லை.

மேலே வந்த மாட்யூலில் மூன்று விதமான அழுக்கு இருந்தது. நூல்களின் மேற்பகுதியைச் சுற்றித் தலைமுடி, ஈரத் துடைப்புத் தாளின் இழை எல்லாம் முறுக்கிக் கயிறாகியிருந்தது. நடுவில் நூல்களுக்கு இடையே களிமண் பதத்தில் சேறு இறுகியிருந்தது. அதைக் கையால் விலக்கிப் பார்த்தால், நூலின் மேலேயே வெள்ளையாக, நெறுநெறுவென்று ஒரு படிவு. கெய்சர் காயிலில் பார்த்திருப்பீர்கள், அதே படிவு. வீட்டில் வாஷிங் மெஷின் கழுவ வைத்திருந்த சிட்ரிக் ஆசிட் பொடியைக் கரைத்து, அறுந்து கிடந்த ஒரு நூல்துண்டில் சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. மாதக்கணக்கில் ஹைப்போ ஊற்றியும் ஏன் பலிக்கவில்லை என்று அந்த நுரை சொல்லிவிட்டது. ஹைப்போ கொழகொழப்பைக் கரைக்கும், சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது. அதைவிடக் கொடுமை, ஹைப்போ காரத்தன்மை உள்ளது. கடினமான தண்ணீரில் அதைக் கலந்தால் சுண்ணாம்பு இன்னும் படியும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு, எவ்வளவு கடினம் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போர் தண்ணீரில்தான் ஹைப்போவைக் கலக்கி மெம்பரேனுக்கு உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார்கள். கழுவுகிறோம் என்று காசு கொடுத்து அடைத்திருக்கிறோம். மருந்து கலக்க எப்போதும் மெம்பரேன் வழியாக வந்த நீரையோ, அதுவும் கடினமாக இருந்தால் சாஃப்ட்னர் நீரையோ உபயோகியுங்கள்.

கழுவிய முறையைச் சொல்கிறேன், உங்கள் மெம்பரேனின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மருந்தே இல்லை. நூல்களுக்கு நடுவே இறுகிய சேற்றுக்குள் எந்த மருந்தும் போகாது. தோட்டத்துக் குழாயால், மெதுவான நீரில், கையால் நூல்களைப் பிரித்துப் பிரித்துக் கழுவினோம். முடிக்கயிற்றை இழுக்கக் கூடாது, நூலும் சேர்ந்து வரும். சிறு கத்தரியால் வெட்டி எடுத்தோம். கார் கழுவும் பிரஷர் வாஷரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். எங்களுக்கு முன்னால் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள், ஒரு ரேக்கில் நூல்கள் கொத்தாக அறுந்திருந்தன. பிறகு 2,000 லிட்டர் தொட்டியில் ஒரு சதவீதம் சிட்ரிக் ஆசிட், அதாவது 20 கிலோ. பிஎச் 2.5 பக்கம் இருக்க வேண்டும். சுண்ணாம்பு கரையக் கரைய பிஎச் ஏறும், ஆகவே பேப்பரை வைத்துப் பார்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஆசிட் சேர்த்து, அது ஏறாமல் நிலைக்கும்வரை ஊறவிட்டோம். அதன்பின் நல்ல நீரில் முழுக்க அலசி, மறுநாள்தான் ஹைப்போ. ஆசிட்டும் ஹைப்போவும் சந்தித்தால் குளோரின் வாயு வரும், பேஸ்மென்டில் அது உயிர்ப் பிரச்சினை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், கேன்களைக்கூடத் தனித்தனி அறையில் வையுங்கள்.

ஹைப்போவில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது, அது யாருடைய ஏமாற்றும் இல்லை, வெயிலுடையது. 1,000 பிபிஎம் வேண்டுமென்றால் 2,000 லிட்டருக்கு 2 கிலோ குளோரின். கேனில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் 20 லிட்டர் போதும். ஆனால் சென்னை வெயிலில் வாரக்கணக்கில் நின்ற கேன் அது. லேபில் பார்த்தால் 6 சதவீதம்தான் இருந்தது. 33 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 20 ஊற்றினால் பாதிக் கழுவல்தான் நடக்கும். கொஞ்சமாக வாங்குங்கள், நிழலில் வையுங்கள், வலிமையைச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள். "நல்லதுதானே" என்று அதிகமாகவும் ஊற்றக் கூடாது. குளோரின் படப்பட நூலின் வலு குறையும், ஆயுள் முழுவதற்கும் மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் எல்லை கொடுத்திருப்பார்கள். ஊறவைத்த மருந்து நீரை ஏரேஷன் டேங்கில் மொத்தமாகக் கொட்டினால் பாக்டீரியா செத்துவிடும். நடுநிலையாக்கி, குளோரின் போனதை உறுதி செய்து, கலெக்‌ஷன் டேங்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம்.

முள் 0.12 பாருக்கு இறங்கியது, அதுவும் முழு இழுப்பில். பிளான்ட் புதிதாக இருந்தபோது 0.08. முழுக்கப் பழையபடி ஆகவில்லை, ஆகாது என்றும் புரிந்துகொண்டேன். துளைக்குள் ஆழமாகப் போனதில் ஒரு பங்கு எந்த மருந்துக்கும் வராது. அறுந்த ரேக் வழியாகச் சேறு கலந்து வந்ததால் அதை மட்டும் மாற்றினோம், இரண்டரை லட்சம். 14 லட்சம் என்று ஆரம்பித்தது அங்கே நின்றது. கழிவுநீர் லாரிக்கும் டேங்கருக்கும் கொடுத்த ஐந்து லட்சம்தான் நெஞ்சை அடைக்கிறது. கேஜ் முள்ளையும் லிட்டரையும் மூன்று வருடமும் சேர்த்து எழுதியிருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

முடியும் துடைப்புத் தாளும் உள்ளே வந்தது எப்படி என்பது தனிக்கதை. முன்னால் ஃபைன் ஸ்கிரீன் ஒன்று இருந்தது, அடிக்கடி அடைக்கிறது என்று பைபாஸ் திறந்தே கிடந்தது. ஸ்கிரீன் அடைக்கத்தான் வேண்டும், அதுதான் அதன் வேலை, அங்கே அடைக்காவிட்டால் மெம்பரேனில் அடைக்கும். நூல் வகைக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர், அதுவும் வட்டத் துளை. நீள வெட்டு வகையில் முடி நீளவாக்கில் தப்பித்துப் போய்விடும். பைபாஸ் வால்வுக்குப் பூட்டுப் போட்டு சாவியை நான் வைத்துக்கொண்டேன். குடியிருப்போரிடம் பேசுவதுதான் இதைவிடக் கஷ்டம். ஈரத் துடைப்புத் தாள் பாக்கெட்டில் ஃப்ளஷ் செய்யலாம் என்று போட்டிருக்கிறதே என்றார் ஒரு பெண்மணி. மாட்யூலிலிருந்து வெட்டி எடுத்த கயிற்றை போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன், நான்கு வரி விளக்கம் செய்யாததை அது செய்தது. கம்யூனிட்டி ஹாலில் விசேஷம் என்றால் சமையல்காரர்கள் வடை சட்டி எண்ணெயைச் சிங்க்கில் கவிழ்ப்பார்கள், அதற்கு இப்போது டெபாசிட் வாங்குகிறோம். மேல்நிலைத் தொட்டி கழுவிய பிளீச்சிங் பவுடர் தண்ணீரை ஒரே நேரத்தில் சாக்கடையில் திறந்துவிடும் வழக்கத்தையும் நிறுத்தினோம்.

ஒப்பந்தத்தை மாற்றும்போது ஒரு நிபந்தனை சேர்த்தோம்: மாதப் பணத்தில் ஒரு பகுதி, எழுத்தில் உள்ள இழுப்பையும் அழுத்தத்தையும் எம்எல்எஸ்எஸையும் காட்டினால்தான் கிடைக்கும். பழைய கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, புதிதாக வந்த ஒரு சிறிய நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஆபரேட்டர் தம்பியை மட்டும் அவர்களிடம் சொல்லி அப்படியே வைத்துக்கொண்டோம். சம்பளமும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொன்னோம். அந்தப் புனல் சோதனையில் இப்போது அவனுக்கு என்னைவிட ஆர்வம், 11 மில்லி வந்தால் போட்டோ அனுப்புகிறான்.

மெம்பரேன் ஒருநாள் உண்மையாகவே ஆயுள் முடிந்து மாற்றவேண்டித்தான் வரும். அதற்கு இப்போதிருந்தே தனி நிதி வைக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் கணக்கு வைத்தேன். 14 லட்சத்தை 180 வீட்டுக்கும் ஏழு வருட மாதங்களுக்கும் வகுத்தால், வீட்டுக்கு மாதம் 92 ரூபாய் சொச்சம். 100 ரூபாய் என்று வைத்தோம். ஒன்றரை மணி நேரம் சண்டை. வாடகைக்கு இருப்பவர் கொடுப்பதா, ஓனர் கொடுப்பதா என்பதில்தான் அதிக நேரம் போனது. ஓனர் என்று முடிவாகித் தீர்மானம் நிறைவேறியது. வட்டி வரும்படி தனிக் கணக்கில் போட்டிருக்கிறோம், எஸ்டிபி மெம்பரேன் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதியாகிவிட்டது. லிஃப்ட் கமிட்டிக்காரர்கள் இப்போதே அந்தப் பணத்தின்மேல் கண்வைத்திருக்கிறார்கள்.